பொலிவின் பின்னே ஒரு பிணி

மேனியின் நிறங்கண்டு உள்ளத்தின் நிலையை உணர்வது நம் அக மரபு. தலைவனைப் பிரிந்த தலைவியின் உடலில் படரும் பசலையைச் சங்கப் புலவர்கள் பலவாறு பாடியுள்ளனர். அந்நிற மாற்றத்தின் காரணத்தைத் தோழி அறிவாள், தாய் அறியாள். அறியாத தாய், அணங்கு வருத்தியதெனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பாள். உடல் காட்டும் குறி ஒன்றாகவும், காண்பவர் அதற்குக் கொள்ளும் பொருள் வேறொன்றாகவும் அமைந்துவிடும் இந்நிலையைத் துறையாகவே வகுத்து வைத்த இலக்கியம் நம்முடையது.

இருபதாம் நூற்றாண்டில், உலகமே உற்று நோக்கிய ஒரு மனிதரின் மேனியிலும் இத்தகைய குறியொன்று தோன்றியது. வெயிலில் பழுத்த வெண்கலம் போன்ற அந்நிறத்தை இளமையின் பொலிவென்றும் உடல்நலத்தின் ஒளியென்றும் மக்கள் கொண்டாடினர். அதனுள்ளே ஒரு கொடும்பிணி இருந்ததை மருத்துவர் சிலரும் குடும்பத்தாரும் மட்டுமே அறிந்திருந்தனர். அம்மனிதர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 35ஆம் குடியரசுத் தலைவராக விளங்கிய ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டு கென்னடி ஆவார்.

கவிஞர்கள் கூடும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில், அயல்நாட்டு அரசியல் தலைவர் ஒருவரின் வாழ்க்கை எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். கென்னடி என்னும் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழ்ந்த தமிழ்ப் பெற்றோர் பலர். அப்பெயருக்குரியவர் எத்தகைய உடலைச் சுமந்து வாழ்ந்தார் என்பது அவருள் பெரும்பாலோர்க்குத் தெரியாது. தோற்றத்துக்கும் உண்மைக்கும் இடையே உள்ள தொலைவை அளப்பது கவிஞர் தொழிலும் ஆதலால், இவ்வாழ்க்கை நமக்கும் உரியதே.

நோயோடு வளர்ந்த பிள்ளை

1917ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகரை அடுத்த புருக்லைன் என்னும் ஊரில் கென்னடி பிறந்தார். தந்தை ஜோசப் பெருஞ்செல்வர். தாய் ரோஸ் பாஸ்டன் நகர மேயராக இருந்தவரின் மகள். ஒன்பது மக்களுள் இவர் இரண்டாமவர். அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்த கத்தோலிக்கக் குடும்பம் அது. வெற்றி ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டு பிள்ளைகளை வளர்த்தார் தந்தை. ஓட்டத்திலும் படகோட்டத்திலும் இரண்டாமிடம் பெறுவதுகூட அவ்வீட்டில் தோல்வியாகவே எண்ணப்பட்டது.

அத்தகைய வீட்டில் நோயாளிப் பிள்ளையாக வளர்வது எளிதன்று. மூன்று வயது நிரம்புமுன்பே, 1920இல், செங்காய்ச்சல் கண்டு உயிருக்குப் போராடினார். மக்களுக்கு வந்த நோய்களைத் தனித்தனி அட்டைகளில் குறித்து வைப்பது தாயின் வழக்கம். இரண்டாம் மகனின் அட்டை விரைவில் நிரம்பியது. பள்ளிப் பருவத்தில் குடற்புண்ணும் வயிற்று வலியும் மெலிவும் அவரை விடாது தொடர்ந்தன. 1934இல் மின்னசோட்டா மாநிலத்தின் மேயோ மருத்துவமனையில் ஒரு மாதம் தங்கிச் சோதனைகளுக்கு உட்பட்டார். இரத்தப் புற்றுநோயோ என்றுகூட மருத்துவர்கள் ஐயுற்ற காலம் உண்டு. லண்டனில் தொடங்கிய படிப்பும் பிரின்ஸ்டனில் தொடங்கிய படிப்பும் நோயினால் இடையில் நின்றன. பின்னரே ஹார்வர்டில் சேர்ந்து 1940இல் பட்டம் பெற்றார்.

படுக்கையில் கிடந்த நாள்கள் அவருக்கு ஒரு கொடையையும் அளித்தன. உடன்பிறந்தோர் மைதானத்தில் பந்தாடிய வேளையில் இவர் வரலாறும் வாழ்க்கை வரலாறும் படித்தார். அவ்வாறு பழகிய வாசிப்பே பிற்காலத்தில் அவரது பேச்சுக்கும் எழுத்துக்கும் உரமாயிற்று. கொசு ஒன்று இவரைக் கடித்தால் கொசுவுக்குத்தான் ஆபத்து என்று உடன்பிறந்தோர் நகையாடுவதுண்டாம். நோயை நகைச்சுவையால் மூடும் பழக்கம் குடும்பத்திலேயே வேரூன்றியிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

கடலில் ஒரு சோதனை

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, முதுகுவலியும் வயிற்று நோயும் உடைய இவரைப் படையில் சேர்க்க மருத்துவ அதிகாரிகள் இசையவில்லை. நோயைக் காட்டிப் போரிலிருந்து விலகுவோர் பலர் இருக்க, தந்தையின் செல்வாக்கைக் கொண்டு தம் நோயை மறைத்துக் கடற்படையில் சேர்ந்தார் கென்னடி. 1943 ஆகஸ்டு 2ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், சாலமன் தீவுகளின் கடற்பரப்பில், அவர் தலைமையேற்றிருந்த பி.டி. 109 என்னும் சிறு போர்ப்படகை அமகிரி என்னும் ஜப்பானிய நாசகாரிக் கப்பல் மோதி இரண்டாகப் பிளந்தது. படகிலிருந்த 13 பேருள் இருவர் மாண்டனர். தீக்காயமுற்ற மெக்மேகன் என்னும் வீரரின் மிதவைச் சட்டையின் வாரைப் பல்லால் கவ்வியவாறே பல மணி நேரம் நீந்தி, அவரைத் தீவொன்றில் கரை சேர்த்தார் 26 வயதுக் கென்னடி. தேங்காய் ஓட்டில் செதுக்கிய செய்தியைத் தீவின் பழங்குடியினர் இருவர் தோணியில் எடுத்துச் சென்றதனால் பதினொருவரும் உயிர் பிழைத்தனர். அவ்வோடு பின்னாளில் குடியரசுத் தலைவரின் மேசையில் இடம்பெற்றது.

மறு ஆண்டு ஆகஸ்டில் அண்ணன் ஜோசப் போர் விமானத்தில் மாண்டார். மூத்த மகனை அரசியலில் உயர்த்த எண்ணியிருந்த தந்தையின் கனவு இப்போது இவர் தோளில் ஏறியது. 1946இல் பாஸ்டன் தொகுதி ஒன்றிலிருந்து மக்கள் பிரதிநிதி சபைக்குப் போட்டியிட்டார். அத்தேர்தல் வேளையில், ஜூன் மாத வெயிலில் நெடுந்தொலைவு நடந்த ஊர்வலத்தின் முடிவில் நிறம் மாறி மயங்கி விழுந்தார். போரில் பற்றிய மலேரியாவின் எச்சம் என்று கூறினர். உண்மையான பெயர் தெரிய இன்னும் ஓராண்டு கழியவேண்டியிருந்தது.

லண்டனில் கிடைத்த பெயர்

1947 செப்டம்பரில் அயர்லாந்துக்குச் சென்று தங்கை கேத்லினோடு தங்கியிருந்த கென்னடி, அங்கிருந்து லண்டன் சேர்ந்ததும் வாந்தியும் தளர்ச்சியும் மேலிட, இரத்த அழுத்தம் வீழ, படுக்கையில் சாய்ந்தார். அவரைச் சோதித்த மருத்துவர் டேனியல் டேவிஸ், இது அடிசன் நோய் என்று கண்டறிந்தார். நோயாளி ஓராண்டுகூட வாழ்வது அரிது என்று அவருடைய தோழி ஒருவரிடம் கூறினார். அக்டோபரில் குயின் மேரி என்னும் கப்பலில் தாயகம் திரும்பும் வழியில், இறப்போர்க்குச் செய்யும் இறுதித் திருவருட்சாதனம் அவருக்குச் செய்யப்பட்டது. நியூயார்க் துறைமுகத்தில் தூக்குப் படுக்கையில் இறக்கப்பட்டார். செய்தியாளர்க்கு மீண்டும் மலேரியாவே காரணமாகச் சொல்லப்பட்டது. அப்போது அவருக்கு வயது 30.

இரு சிறு சுரப்பிகள்

இந்நோயின் தன்மையைச் சற்று விரித்துரைப்பது இங்குத் தேவையாகிறது.

நம் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றின் தலைமேலும் ஒரு சிறு தொப்பி போல அமர்ந்திருக்கும் சுரப்பிக்கு அட்ரினல் என்று பெயர். ஒவ்வொன்றின் எடையும் நான்கைந்து கிராமே. அதன் நடுப்பகுதியாகிய அகணி, அச்சமும் சினமும் எழும்போது நெஞ்சைப் படபடக்கச் செய்யும் அட்ரினலினைச் சுரக்கிறது. வெளிப்பகுதியாகிய புறணி சுரக்கும் ஹார்மோன்களுள் இரண்டு உயிருக்கு இன்றியமையாதவை. ஒன்று கார்ட்டிசால். இது இரத்தத்தில் சர்க்கரை குன்றாமல் காக்கிறது. இரத்த அழுத்தத்தைத் தாங்குகிறது. காய்ச்சல், காயம், அறுவை, துயரம் ஆகிய நெருக்கடிகளில் உடல் தாக்குப்பிடிக்க உதவுகிறது. மற்றொன்று ஆல்டோஸ்டீரோன். இது உடலின் உப்பு சிறுநீரில் வீணாகாமல் தடுக்கிறது.

இப்புறணி அழியும்போது தோன்றுவதே அடிசன் நோய். தீராத அயர்ச்சி, பசியின்மை, உடல் மெலிவு, குமட்டல், எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பின்மேல் அடங்கா வேட்கை ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றோடு தோலும் கருக்கும். கார்ட்டிசால் குறைந்ததை உணர்ந்த பிட்யூட்டரிச் சுரப்பி, அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனை மேன்மேலும் அனுப்புகிறது. தூண்டியும் சுரப்பி விடையளிப்பதில்லை. ஆனால் அத்தூண்டுநீர் தோலில் நிறம் தரும் அணுக்களையும் இயக்குவதால் மேனி வெண்கல நிறம் கொள்கிறது. உள்ளங்கை ரேகைகளும் விரல் முட்டிகளும் பழைய தழும்புகளும் ஈறுகளும் முதலில் கருமையடையும். கேளாச் செவியினரை நோக்கிக் கூவிக்கூவிக் குரல் உயர்வது போன்றது பிட்யூட்டரியின் செயல்; அக்குரலே தோலில் நிறமாகப் படிகிறது எனலாம்.

இந்நோயை முதன்முதலில் விரிவாக எழுதியவர், லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் அடிசன். 1855இல் வெளியிட்ட நூலில் 11 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்தார். அக்காலத்தில் சுரப்பி அழிவதற்குக் காசநோயே பெருங்காரணமாக இருந்தது. இன்று மேலைநாடுகளில் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே பகையெனக் கருதித் தாக்குவது முதற்காரணமாகியுள்ளது. நம் நாட்டிலோ காசநோய் இன்றும் குறிப்பிடத்தக்க காரணமாக நிற்கிறது.

மிகினும் துன்பம், குறைந்தாலும் துன்பம் என்பதை மருந்து என்னும் அதிகாரத்தின் வாயிலிலேயே வள்ளுவப் பெருந்தகை வைத்தார். வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றையும் கருதி அவர் கூறியது இச்சுரப்பிக்கும் பொருந்துகிறது. கார்ட்டிசால் குறைந்தால் அடிசன் நோய். மிகுந்தால், அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் பெயரால் வழங்கும் நோய். முகம் நிலவு போல் உருண்டு, தோல் மெலிந்து, எலும்பு தேய்ந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். நடுநிலை ஒன்றே நலம்.

மருந்து தந்த ஆயுள்

கென்னடி முப்பதாண்டு முன்னர் இந்நோய் கண்டிருப்பின் அவர் வரலாறு சில வரிகளில் முடிந்திருக்கும். அவருடைய நற்பேறு, அவர் நோயுற்ற காலம் மருந்து பிறந்த காலமாக அமைந்தது. ஆல்டோஸ்டீரோனின் பணியை ஓரளவு செய்யும் டி.ஓ.சி.ஏ. என்னும் செயற்கை ஹார்மோனைச் சுவிட்சர்லாந்தில் ரைக்ஸ்டைன் குழுவினர் 1937இல் உருவாக்கியிருந்தனர். அதன் குளிகைகளைத் தோலைக் கீறி உள்ளே புதைத்து வைப்பது அக்கால முறை. மூன்று திங்களுக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் குளிகை கென்னடியின் உடலில் புதைக்கப்பட்டது. 1948இல் மேயோ மருத்துவமனையில் கார்ட்டிசோன் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதலில் தரப்பட்டது. அதன் ஆய்வுக்காகக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. அதனை நாள்தோறும் 25 மில்லிகிராம் உட்கொள்ளத் தொடங்கிய பின்னரே கென்னடியின் உடல் நிமிர்ந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் தாம் இளைஞராகச் சோதனைக்குக் கிடந்த அதே மருத்துவமனையில் பிறந்த மருந்து அவரை வாழவைத்தது.

ஆயினும் மருந்து நோயை நீக்கவில்லை, நாள்தோறும் ஒத்திப்போட்டது. 1951இல் தம்பி ராபர்ட்டுடனும் தங்கை பாட்ரிசியாவுடனும் கீழைநாடுகளில் நெடும்பயணம் மேற்கொண்டார். தில்லியில் நேருவைக் கண்டார். பயணத்தின் இறுதியில் ஜப்பானுக்கு அருகே ஒகினாவாத் தீவில் 106 பாகை காய்ச்சலுடன் வீழ்ந்து மீண்டும் மரண வாயிலை எட்டித் திரும்பினார். அடுத்த ஆண்டே செனட் சபைத் தேர்தலில் வென்றார். 1953இல் ஜாக்குலினை மணந்தார்.

1954இல் முதுகுவலி பொறுக்க முடியாத அளவுக்கு முற்றியது. அடிசன் நோயாளிக்கு அறுவை செய்வது அக்காலத்தில் பேராபத்து. நெருக்கடி நேரத்தில் சுரக்கவேண்டிய கார்ட்டிசாலை மருத்துவர்களே மணிக்கணக்கிட்டு ஊட்டவேண்டும். ஊன்றுகோல்களோடு வாழ்வதைவிடச் சாவதே மேல் என்று கருதிய கென்னடி அறுவைக்கு இசைந்தார். அக்டோபர் 21ஆம் நாள் நியூயார்க்கில் அறுவை நடந்தது. கிருமித் தொற்றினால் நினைவிழந்தார். மீண்டும் ஒருமுறை இறுதித் திருவருட்சாதனம் செய்யப்பட்டது. உயிர் பிழைத்தாலும் புண் ஆறவில்லை. 1955 பிப்ரவரியில் மறு அறுவை செய்யவேண்டியதாயிற்று.

அப்படுக்கையில் உருவான நூல்தான், மனச்சான்றின்படி நின்று இழப்பேற்ற எட்டு செனட்டர்களைப் பற்றியது. உதவியாளர் தியோடர் சோரன்சன் அதன் எழுத்தில் பெரும்பங்கு ஆற்றினார் என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. 1957இல் அந்நூல் புலிட்சர் பரிசு பெற்றது. துணிவைப் பற்றிய நூலைத் தம் நோயை மறைத்துக்கொண்டிருந்த ஒருவர் வெளியிட்டார் என்பது இவ்வாழ்க்கையின் முரண்களுள் ஒன்று.

மறைத்த உண்மை

அவ்வறுவை மருத்துவ உலகில் அரிய நிகழ்வு. 1955 நவம்பரில் அமெரிக்க அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் மருத்துவர்கள் அதனைக் கட்டுரையாக்கினர். பெயரின்றி, அடிசன் நோயுடைய 37 வயது ஆடவர் என்று மட்டும் குறித்தனர். உண்மை அச்சேறி நூலகத்தில் கிடந்தது; அதனைக் கென்னடியோடு பொருத்திக் காட்டியது 1967இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையே.

1960இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராகக் கட்சியில் அவர் முன்னின்றார். எதிரணியில் நின்ற லிண்டன் ஜான்சனின் ஆதரவாளர்களான ஜான் கானலியும் இந்தியா எட்வர்ட்ஸும் ஜூலை 4ஆம் நாள் செய்தியாளரைக் கூட்டி, கென்னடிக்கு அடிசன் நோய் உண்டென்று அறிவித்தனர். கென்னடி தரப்பு மறுத்தது. மறுத்த முறை சொல்லாய்வு செய்வோர் நோக்கத்தக்கது. காசநோயினால் சுரப்பி அழிவதையே பழைய நூல்கள் அடிசன் நோய் என்றன. தம் நோய் அதனால் வந்ததன்று. எனவே அப்பெயர் தமக்குப் பொருந்தாது என்பது அவர்களின் வாதம். புறணியின் சுரப்பு சற்றுக் குறைவு என்று மட்டும் ஒப்புக்கொண்டனர். சொல்லின் பொருளைச் சுருக்கி உண்மையை அதற்கு வெளியே நிறுத்திய தந்திரம் அது. தேர்தலில் வென்ற பின் செய்தியாளர் கேட்டபோதும் தமக்கு அந்நோய் ஒருபோதும் இருந்ததில்லை என்றே கென்னடி விடையளித்தார்.

அவ்வாண்டு செப்டம்பர் 26ஆம் நாள், ரிச்சர்டு நிக்சனோடு அவர் நிகழ்த்திய சொற்போரைத் தொலைக்காட்சியில் ஏறத்தாழ ஏழு கோடிப் பேர் கண்டனர். முழங்கால் நோயினின்று அப்போதுதான் மீண்டிருந்த நிக்சன் வெளிறி, வியர்த்து, சோர்ந்து காணப்பட்டார். கென்னடியோ வெண்கல மேனியும் நிறைந்த கன்னங்களுமாகப் பொலிந்தார். கலிபோர்னிய வெயில் எவ்வளவு, நோய் எவ்வளவு என்று அந்நிறத்தைப் பகுத்துரைத்தல் அரிது. கன்னத்தின் நிறைவில் கார்ட்டிசோனுக்குப் பங்குண்டு. இருவருள் தீரா நோயாளி எவர் என்று அன்று கேட்டிருந்தால், ஏழு கோடிப் பேரும் நிக்சனையே சுட்டியிருப்பர். வெறியாட்டு எடுத்த தாயின் பிழையை ஒரு தேசமே செய்தது. நவம்பர்த் தேர்தலில் ஓர் இலட்சத்துக்குச் சற்றே மிகுந்த வாக்குகளே இருவர்க்கும் இடைவெளி.

வெள்ளை மாளிகையில்

1961 சனவரி 20ஆம் நாள், கடுங்குளிரில் மேற்சட்டையும் தொப்பியும் இன்றி நின்று பதவியேற்றார். அவ்விழாவில் கவிஞர் ஒருவருக்கு மேடை அளித்தது அவருடைய தனிச்சிறப்பு. 86 வயது ராபர்ட் ஃப்ராஸ்ட், விழாவுக்கென எழுதிய கவிதையைப் பனியில் பட்டுத் தெறித்த கதிரொளியால் படிக்க இயலாமல், மனப்பாடமாக இருந்த பழைய கவிதை ஒன்றைச் சொல்லி முடித்தார்.

வெள்ளை மாளிகைக்குள் அவருடைய நாள் மருந்தோடு தொடங்கியது. ஹைட்ரோகார்ட்டிசோன், உப்பைக் காக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், தைராய்டு ஹார்மோன், குடலுக்கான மருந்துகள், முதுகுவலிக்கு ஊசிகள் என அப்பட்டியல் நீளும். ஜேனட் டிராவல் என்னும் அம்மையார் வெள்ளை மாளிகையின் முதல் பெண் மருத்துவராக அமர்ந்தார். இவர்களோடு மாக்ஸ் ஜேக்கப்சன் என்னும் மருத்துவர், ஊக்கமூட்டும் ஆம்ஃபெட்டமின் கலந்த ஊசிகளை ஏனைய மருத்துவர்களின் எதிர்ப்பையும் மீறிச் செலுத்திவந்தார். நோயை மறைப்பவர், தம்மைக் காக்கும் மருத்துவரையும் கேடு செய்யும் மருத்துவரையும் ஒரே வாயில் வழியே அழைக்க நேர்கிறது. மறைவிடத்தில் நடக்கும் மருத்துவத்தைக் கேள்வி கேட்பார் இல்லை.

1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் கண்டறியப்பட்டன. பதின்மூன்று நாள் உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றது. நலமுள்ளோர் உடலில் அட்ரினல் தானே சுரந்து நெருக்கடிக்குத் துணைநிற்கும். கென்னடிக்கு அத்துணையை அளவிட்டு வெளியிலிருந்து கொடுத்தனர். கூடுதல் ஹைட்ரோகார்ட்டிசோனும் உப்பு வில்லைகளும் அந்நாள்களில் அவருக்குத் தரப்பட்டன. உடனே குண்டு வீசுக என்று தளபதிகள் வற்புறுத்த, அவர் கடல்வழி முற்றுகையைத் தேர்ந்து, பேச்சுக்கு நேரம் ஈட்டினார். அக்கூட்டங்களின் ஒலிப்பதிவுகளையும் மருத்துவ ஏடுகளையும் ஒருங்கே ஆராய்ந்த வரலாற்றறிஞர் ராபர்ட் டாலக், நோயோ மருந்தோ அவர் தெளிவைக் குலைக்கவில்லை என்று முடிவு கண்டார்.

1963 அக்டோபர் 26ஆம் நாள், மறைந்த ஃப்ராஸ்டின் பெயரால் அமையும் நூலகத்துக்கு அடிக்கல் நாட்ட ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்குச் சென்றார். அதிகாரத்தின் செருக்கைத் திருத்தும் ஆற்றல் கவிதைக்கு உண்டு என்பதே அங்கு அவர் ஆற்றிய உரையின் சாரம். மனிதன் தன் எல்லையை உணரவேண்டும் என்பதைத் தம் உடலாலேயே நாள்தோறும் கற்றவர் அவர்.

இறுதியும் எஞ்சிய உண்மையும்

அதற்கு நான்கு வாரங்களுக்குள், நவம்பர் 22ஆம் நாள், டல்லஸ் நகர வீதியில் திறந்த காரில் செல்கையில் சுடப்பட்டு மாண்டார். வயது 46. முதுகைத் தாங்கும் இறுக்கமான கச்சை அன்றும் அவர் இடையில் இருந்தது. அவர் நோயை மூன்றாண்டுகளுக்கு முன் ஊரறியச் சொன்ன ஜான் கானலி, அப்போது டெக்சாஸ் மாநில ஆளுநராக அதே காரில் அவருக்கு முன்னிருந்த இருக்கையில் அமர்ந்து குண்டடிபட்டுப் பிழைத்தார்.

பிணப் பரிசோதனை அறிக்கை அட்ரினல் சுரப்பிகளைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அச்சுரப்பிகள் கண்ணுக்குப் புலப்படும் அளவில் இல்லை என்பதைப் பரிசோதனையில் இருந்த வல்லுநர்கள் 1992இல்தான் வெளியிட்டனர். 2002இல் டாலக் மருத்துவ ஏடுகளைக் கண்டு எழுதியபோது நோயின் முழு அளவும் தெரிந்தது. அட்ரினலும் தைராய்டும் ஒருங்கே தன்னெதிர்ப்பால் அழியும் கூட்டுநோய் அவருக்கு இருந்திருக்கவேண்டும் என்று 2009இல் லீ மாண்டல் என்னும் மருத்துவர் எழுதினார். தங்கை யூனிசுக்கும் அடிசன் நோய் உண்டு என்பது அக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. அறிவு வளர்ச்சி குன்றியோர்க்கான சிறப்பு ஒலிம்பிக் விளையாட்டை 1968இல் தொடங்கிய அந்த யூனிஸ், 88 வயதுவரை வாழ்ந்தார்.

நாம் கொள்ளத்தக்கது

மறைத்தது சரியா என்னும் வினா எஞ்சுகிறது. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவம். கென்னடியின் மறைப்பினால் கியூபா நெருக்கடியில் உலகுக்கு ஒரு நிதானம் கிடைத்தது என்று வாதிடுவோர் உளர். ஆனால் அந்நன்மை பின்னர் வந்தது. மறைத்த வேளையில் அவர் நாடியது பதவி. வாக்களித்த மக்களுக்கு அறியும் உரிமை இருந்தது. அன்றியும் மற்றோர் இழப்பு உண்டு. இந்நோயோடும் ஒரு மனிதர் நாடாள இயலும் என்பதை அவர் தம் வாழ்நாளில் ஒருமுறை சொல்லியிருப்பின், சோம்பலென்றும் மனத்தளர்ச்சியென்றும் ஏச்சுக்கேட்டு மருத்துவம் பெறாமல் மாண்ட நோயாளர் சிலராவது தம் நோயின் பெயரை அறிந்திருப்பர். அவ்வகையில் அவர் மறைப்பு குற்றமற்றதன்று என்பதே என் துணிபு. அவர் பொறுத்த வலிக்கும் ஆற்றிய பணிக்கும் தலைவணங்குவதை இத்துணிபு தடுக்கவில்லை.

இன்று இந்நோயுடையோர் நாள்தோறும் மாத்திரை உண்டு நெடுங்காலம் வாழ்கின்றனர். காய்ச்சலோ அறுவையோ நேரும்போது மருத்துவர் சொற்படி அளவைக் கூட்டவேண்டும். மருந்தை ஒருபோதும் நிறுத்தலாகாது. நோயின் பெயரெழுதிய அட்டையை உடன் வைத்திருத்தல் நன்று. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு உண்போர்க்கும் இதில் பாடமுண்டு. வெளியிலிருந்து வரும் மருந்தைக் கண்டு சுரப்பி உறங்கிவிடுவதால், திடீரென நிறுத்தினால் அதே நெருக்கடி நேரும். அளவைச் சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும்.

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நால்வகையாகப் பகுத்தது குறள். நான்கும் வாய்க்கப்பெற்ற கென்னடி, ஓராண்டு என்று குறித்த ஆயுளைப் பதினாறாண்டாக நீட்டி வாழ்ந்தார். நம் வீட்டில் காரணமின்றி மெலிந்து, சோர்ந்து, உப்பை நாடி, நிறம் கருத்து வரும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அந்நான்கும் வாய்க்கவேண்டுமாயின், முதலில் ஒருவர் அவர்கள் மேனியைச் சரியாகப் படிக்கவேண்டும். பசலையைத் தாய்க்கு முன்னர்க் கண்டவள் தோழி. அத்தோழியின் கண் நமக்கு வேண்டும்.